ஊட்டி, கொடை சொகுசு ஹோட்டல்கள்: மேனேஜருக்கு வியூக நுண்ணறிவு இருந்தால் ஊழியர் வேலை உயருமா?

நீலக்குறிஞ்சி | 17 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

எம்பிஏ ப்ராஜெக்ட். ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் 6 சொகுசு ஹோட்டல், 120 ஊழியர். என் வாதம் இதுதான்: மேலாளரிடம் வியூக நுண்ணறிவு (ஸ்ட்ராடஜிக் இன்டலிஜென்ஸ்) இருந்தால் ஊழியருக்குப் பணித் திருப்தி வரும், திருப்தி வந்தால் செயல்திறன் தானாக உயரும். நுண்ணறிவுக்கு தலைமைத்துவ ஆய்வாளர் மைக்கேல் மெக்கோபி சொன்ன ஐந்து கூறுகள்: முன்னோக்கு, அமைப்பாகச் சிந்திப்பது, இலக்கைக் காட்டுவது, ஊக்குவிப்பது, கூட்டு சேர்வது. திருப்திக்கு உளவியலாளர் ஸ்பெக்டரின் 36 கேள்விப் பட்டியல். செயல்திறனுக்கு ஊழியரே தனக்குப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண். கூகுள் ஃபார்மில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கேத்தி | 17 ஆகஸ்ட், இரவு 11:15

"தானாக" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்க தம்பி. அதற்கு அப்புறம் பேசலாம்.

கேத்தி | 18 ஆகஸ்ட், காலை 6:50

சரி, விரிவாக.

மலை ஹோட்டலில் முன்னோக்கு என்பது போர்டு ரூமில் படம் காட்டுவது இல்லை. அடுத்த 30 நாளில் எந்த நாளில் எத்தனை பேர், எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று ஒரு தாளில் எழுத முடியுமா? அவ்வளவுதான். அந்தத் தாளுக்குள் என்ன போகும்:

மூன்று மாநில காலண்டர். தமிழ்நாட்டு விடுமுறையை மட்டும் பார்க்கிறவன் ஏமாறுவான். இந்த வருஷம் செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை. அன்றைக்கே திருவோணம், அன்றைக்கே மீலாது நபி. சனி ஞாயிறு சேர்ந்தால் கேரளா முழுக்க குறைந்தது மூன்று நாள் கையில். நாடுகாணி வழியாக கூடலூர் ஏறி வரும் கூட்டம் அது. அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமி. மைசூரு தசரா பார்த்துவிட்டு அப்படியே மேலே ஏறுவார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல் என்பதால் அவர்கள் ஒன்று சாயங்காலம் வருவார்கள், இல்லை காலை பத்து மணிக்குப் பசியோடு வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் ரெஸ்டாரண்டில் ஆள் வேண்டும்.

இ-பாஸ், மலை ஏறும் வண்டிக்கு ஆன்லைன் அனுமதி. 2024 மே 7 முதல் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று உயர்நீதிமன்றம் வரம்பு போட்டது. ரூம் புக் செய்த விருந்தினர் பாஸ் எடுக்காமல் கல்லாறு செக்போஸ்டில் நின்றால் அந்தக் கோபம் யார் மேல் விழும்? ரிசப்ஷனில் நிற்கிற பொண்ணு மேல். அதனால் கன்ஃபர்மேஷன் மெசேஜிலேயே பாஸ் லிங்க், வருகைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன். நுண்ணறிவு என்றால் இதுவும் நுண்ணறிவுதான்.

பாதை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்குவார்கள். பலாப்பழ நேரத்தில் கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை பக்கம் யானை இறங்கும். வடகிழக்கு மழையில் மலை ரயில் பாதையில் மண் சரிந்தால் ரயில் நிற்கும். ரயில் ஓடினால் பகல் பன்னிரண்டு வாக்கில் ஒரு கும்பல் ஊட்டி ஸ்டேஷனில் இறங்கும். செக்-இன் 2 மணி. நடுவில் இரண்டு மணி நேரம் அந்த லக்கேஜ், அந்தக் குழந்தைகள், அந்தக் குளிர். லாபியில் யார்?

பிக்-அப். அடுத்த 30 நாளில் ஒவ்வொரு தேதிக்கும் இன்று எத்தனை ரூம் புக் ஆகியிருக்கிறது, போன வாரம் இதே நாள் எத்தனை இருந்தது. வித்தியாசம்தான் பிக்-அப். வேகம் திடீரென்று கூடினால் காரணம் தேடணும்.

இந்தத் தாள் எங்கே போய் உட்காரணும் என்பதுதான் முக்கியம். ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) மேசையில் உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை, யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுகிற டியூட்டி ரோஸ்டரில் இறங்கணும். ஹட்டியில் (படகர் கிராமத்தில்) இருந்து வருகிறவருக்கு, கூடலூரில் வீடு வைத்திருப்பவருக்கு, வாரத் தொடக்கத்தில் "உன் ஆஃப் வியாழன்" என்று எழுதி, புதன் ராத்திரி வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வா" என்றால் அந்த ஆளிடம் 36 கேள்வி கேட்கத் தேவையே இல்லை. ஒரே கேள்வி போதும்.

ரூம் சுத்தம் செய்கிற ஒரு அட்டெண்டருக்கு ஒரு ஷிப்டில் 14 ரூம் என்று கணக்கு வைத்து ரோஸ்டர் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

லினன் ரூம் | 18 ஆகஸ்ட், மதியம் 3:05

14-ஆ? எந்த ஊர் கணக்கு இது? கோயமுத்தூர் பிசினஸ் ஹோட்டலுக்குச் சரி. இங்கே எழுதுகிறேன், நீங்களே கூட்டிப் பாருங்க.

ஷிப்ட் எட்டரை மணி நேரம், 510 நிமிஷம். பிரீஃபிங் 15, டிராலி அடுக்க 20, சாப்பாடு 30, டீ இரண்டு தடவை 20, கடைசியில் பேன்ட்ரி மூட 20. போனால் மிச்சம் 405. டிபார்ச்சர் ரூம் (விருந்தாளி காலி பண்ணினது) 45 நிமிஷம், தங்கியிருக்கிற ரூம் (ஸ்டே) 30 நிமிஷம். ஒரே கட்டடம், ஒரே காரிடார் என்றால் 5 டிபார்ச்சர், 6 ஸ்டே: 225 கூட 180, சரியாக 405. ஆக 11 ரூம்.

இப்போது அதையே சரிவில் தள்ளித் தள்ளிக் கட்டின காட்டேஜ் என்று வையுங்க. ஒரு ரூமுக்கு நடை 5 நிமிஷம். டிபார்ச்சர் 50, ஸ்டே 35. 4 டிபார்ச்சர், 5 ஸ்டே: 200 கூட 175, 375. மிச்சம் 30 நிமிஷம் இருக்கேன்னு பத்தாவது ரூமைத் திணிக்காதீங்க. கணப்பு அடுப்பு இருக்கிற காட்டேஜில் சாம்பல் அள்ளி, கல்லைத் துடைச்சு, விறகு அடுக்க 8 நிமிஷம். நாலு டிபார்ச்சருக்கு 32. முடிஞ்சுது கதை. 9 ரூம், அதுவே இழுபறி.

இதில் டர்ன்-டவுன் (சாயங்காலம் கட்டிலைத் தூங்கத் தயார் பண்ணுறது) கிடையாது. மழை கிடையாது. மழை நாளில் லினனை, அதாவது ஷீட் டவலை, பாலித்தீன் உறை போட்டு மூடித் தூக்கணும், ஷூ மாத்தி மாத்தி உள்ளே போகணும்.

கேத்தி | 18 ஆகஸ்ட், மதியம் 3:40

ஒத்துக்கொள்கிறேன். 14 தப்பு. மேலே இருப்பதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். இந்தத் தப்பைத்தான் சமவெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு புது மேனேஜரும் முதல் மாசம் செய்கிறார்.

லினன் ரூம் | 18 ஆகஸ்ட், மாலை 5:20

அப்புறம் லினன் கணக்கு. சமவெளியில் 3 பார் (கட்டிலுக்கு மூணு முழு செட்) போதும்: கட்டிலில் ஒண்ணு, லாண்டரியில் ஒண்ணு, அலமாரியில் ஒண்ணு. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் வெயில் நம்ப முடியாது, கொடியில் போட்டால் மறுநாள் ஈரம். முழுக்க டிரையரை நம்பணும். டிரையர் ஒண்ணு நின்றால் மறுநாள் மதியம் ரூம் ரெடி இல்லை. 4 பார் குறைஞ்சபட்சம், 5 இருந்தால் தூங்கலாம். 3 பாரில் ஓட்டுகிற இடத்தில் ஜூலையில் "ஹவுஸ்கீப்பிங் ஸ்லோ" என்று அப்ரைசலில் எழுதுவாங்க. ஷீட் இல்லாமல் கட்டிலை எப்படிப் போடுவா அவ?

தம்பி, உங்க ப்ராஜெக்ட்ல "செயல்திறன்" என்று வருகிற இடத்தில் இதை எங்கே வைப்பீங்க?

வட்டக்கானல் | 19 ஆகஸ்ட், காலை 10:30

கொடை பக்கத்தில் இருந்து, வருமானக் கணக்கு பார்க்கிற ஆள். கேத்தி சார் பிக்-அப்போடு நிறுத்திட்டார். அடுத்த படி இருக்கு.

60 ரூம் ஹோட்டல். ஒரு நாள் 42 ரூம் விற்றது, சராசரி 9,000 ரூபாய். ஆக்குபன்சி (நிரம்பின ரூம்) 70%, ரெவ்பார் (காலி ரூமையும் சேர்த்து ஒரு ரூமுக்கு விழும் வருமானம்) 6,300. சுற்றி இருக்கிற போட்டி ஹோட்டல்களின் ரெவ்பார் 7,000 என்றால் நம்ம இண்டெக்ஸ் 90, அதாவது அவர்களதில் 90%. நூறுக்குக் கீழே. உடனே மேலிடத்திலிருந்து போன்: "ரேட்டைக் குறை, நிரப்பு." 6,800-க்கு இறக்கி 54 ரூம் விற்கிறோம். 90% ஆக்குபன்சி, எல்லோரும் கை தட்டுவார்கள். வருமானம்? முன்பு 3,78,000. இப்போது 3,67,200. பன்னிரண்டு ரூம் கூடுதலாகக் கூட்டித் துடைத்து, பன்னிரண்டு ரூமுக்கு வெந்நீர் கொடுத்து, காலைச் சாப்பாடு போட்டு, 10,800 ரூபாய் குறைவாகச் சம்பாதித்தோம். லினன் ரூம் அக்காவின் கணக்குப்படி அந்தப் பன்னிரண்டு ரூம் என்பது ஒன்றேகால் ஆள்.

இதைப் புரிந்துகொண்டு ரேட் வைப்பவர்தான் மெக்கோபி சொன்ன "அமைப்பாகச் சிந்திப்பவர்". ரேட்டைத் தொட்டால் துடைப்பம் வரை அதிரும் என்று தெரிந்தவர்.

நீலக்குறிஞ்சி | 20 ஆகஸ்ட், இரவு 8:10

அருமை சார். ஆனால் என் கைடு அளவுகோல் கேட்பார். முன்னோக்கை எப்படி எண்ணாக்குவது? மேனேஜருக்கு முன்னோக்கு இருக்கா என்று ஊழியரைக் கேட்டு 5-க்கு மதிப்பெண் வாங்கினால் போதாதா?

கேத்தி | 20 ஆகஸ்ட், இரவு 10:45

போதாது. பிடித்த மேனேஜருக்கு எல்லாவற்றிலும் 5 போடுவார்கள், பிடிக்காதவருக்கு 2. முன்னோக்கு 5, இலக்கு 5, ஊக்கம் 5. அது மேனேஜர் மேல் இருக்கிற பிரியம், அவ்வளவுதான்.

ரோஸ்டர் மாற்ற விகிதத்தை எடுங்க. ரோஸ்டர் ஒட்டின பிறகு எத்தனை ஷிப்ட் மாறியது, மொத்த ஷிப்டில் அது எத்தனை சதவீதம். 40 ஆள், வாரம் 6 ஷிப்ட், மொத்தம் 240. அதில் 36 மாறினால் 15%. எல்லா ஹோட்டலிலும் டைம் ஆபீசில் (வருகைப் பதிவு அறையில்) பழைய ரோஸ்டர் ஃபைல் இருக்கும், பேனாவால் அடித்து எழுதினது அப்படியே தெரியும். எட்டு வாரம் எண்ணினால் போதும். இந்த எண் சின்னதாக இருக்கிற இடத்தில் ஒருத்தர் முன்கூட்டியே யோசிக்கிறார் என்று அர்த்தம். யார் யோசிக்கிறார் என்பது வேறு விஷயம். பல இடத்தில் ஜிஎம் இல்லை, இருபது வருஷமாக ரோஸ்டர் போடுகிற சூப்பர்வைசர்தான்.

கேத்தி | 24 ஆகஸ்ட், காலை 7:00

மறுபடி யோசித்தேன், மேலே எழுதினதில் ஓட்டை இருக்கு. மாற்றம் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மூன்றாகப் பிரிக்கணும்: கூட்டம் கூடினதால் அல்லது குறைந்ததால் மாறியது, ஊழியர் கேட்டு மாறியது, மண் சரிவு, பஸ் இல்லை, உடம்பு சரியில்லை என்று மாறியது. முன்னோக்குக்கு முதல் வகை மட்டும். இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் அது நல்லதுகூட, கேட்டால் கொடுக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு ஓட்டை. தேவைக்கு மேல் ஆள் வைத்துக்கொண்டால் மாற்றமே வராது. அது முன்னோக்கு ஆகாது, காசு இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஓவர்டைம் மணியையும், ஒரு ஆளுக்கு எத்தனை ரூம் விழுந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

வட்டக்கானல் | 24 ஆகஸ்ட், காலை 9:15

புள்ளியியல் பக்கம் நானும் கொஞ்சம் குத்துகிறேன், மன்னிக்கணும்.

ஒண்ணு. 6 ஹோட்டல் என்றால் 6 மேனேஜர். 120 பேர் பதில் சொன்னாலும் "மேலாளர் நுண்ணறிவு" என்பதற்கு உங்களிடம் உண்மையில் இருப்பது 6 ஆள். 120 என்று எண்ணி ரிக்ரெஷன் (தொடர்பு தேடும் கணக்கு) ஓட்டினால் தற்செயலானதுகூட சிக்னிஃபிகன்ட் (தற்செயல் இல்லை) என்று வரலாம்.

இரண்டு. நுண்ணறிவு, திருப்தி, செயல்திறன் மூன்றையும் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஃபார்மில் நிரப்புகிறார். அன்றைக்கு மனசு நல்லா இருந்தால் மூன்றும் உயரும். அந்தத் தொடர்பு அன்றைய மனநிலைக்குச் சொந்தம். திருப்தியை ஊழியரிடம் கேளுங்க, செயல்திறனைப் பதிவேட்டில் இருந்து எடுங்க.

மூன்று. "திருப்தி வந்தால் வேலை உயரும்" என்பதற்கு ஆராய்ச்சி உலகம் கொடுத்திருக்கிற இடம் சின்னது. 1985-ல் யாஃபல்டானோ, முச்சின்ஸ்கி தொகுத்துப் பார்த்தபோது தொடர்பு 0.17 (1 என்றால் முழுத் தொடர்பு). 2001-ல் ஜட்ஜும் கூட்டாளிகளும் 312 மாதிரிகளைத் திருத்தங்களோடு தொகுத்தபோது 0.30. இருக்கு, ஆனால் 0.30-ஐ வர்க்கம் எடுத்தால், செயல்திறன் வித்தியாசத்தில் 9%. மிச்சம் 91-ல் ஷீட், டிரையர், கீசர், பஸ் எல்லாம் உட்கார்ந்திருக்கு. எது முன், எது பின் என்பதும் முடிவாகவில்லை. நன்றாக வேலை செய்து பாராட்டு வாங்கினவர் திருப்தியாக இருக்கலாம் அல்லவா?

லினன் ரூம் | 24 ஆகஸ்ட், காலை 9:50

91-ல் முதல் இடம் பிரேக் ஷிப்டுக்கு.

லினன் ரூம் | 24 ஆகஸ்ட், இரவு 9:30

காலையில் அவசரத்தில் ஒரு வரியோட போயிட்டேன். பிரேக் ஷிப்ட் என்றால் காலை 6:30 முதல் 10:30, அப்புறம் சாயங்காலம் 6:30 முதல் 10:30. தாளில் 8 மணி நேரம். ஆளுக்கு 16 மணி நேரம். சென்னையில் நடுவில் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். இங்கே வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம், போய் வர ஒன்றரை, பஸ் காத்திருக்கிறது தனி. ராத்திரி 10:30-க்கு முடிச்சால் பஸ்ஸே கிடையாது. ஸ்டாஃப் ரூமில் ஹீட்டர் கிடையாது. டிசம்பரில் உறைபனியில் காலை 5:30-க்கு குளிச்சு யூனிஃபார்ம் போட்டு, விருந்தாளியிடம் சிரிக்கணும்.

குறைக்க வழி இருக்கு. பிரேக் ஷிப்டை ஒருத்தருக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடாமல் சுற்றி விடுறது. காலை ஆளும் ராத்திரி ஆளும் தனித்தனி என்று பிரிச்சு, நேர் ஷிப்டுக்கு கிச்சன் பக்கம் ஒருத்தரைக் கூட்டுறது. 10:45-க்கு ஸ்டாஃப் ஜீப். ஓய்வு நேரத்துக்கு மூணு கட்டில் போட்ட ஒரு அறை, ஒரு வெந்நீர் பை. வெந்நீர் பையில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, காற்றை அமுக்கி வெளியேத்திட்டு மூடணும், கொதிக்கிற தண்ணீர் கூடாது. விருந்தாளி ரூமில் இதையெல்லாம் கார்டு போட்டு வைக்கிறோம், நம்ம ஆளுக்கு பையே இல்லை.

பாய்லர் | 30 ஆகஸ்ட், மாலை 6:40

இன்ஜினியரிங் ஆள் யாரும் பேசலையே என்று வந்தேன். வெந்நீர் வரலை என்ற புகாரில் யார் செயல்திறன் குறைகிறது? ரிசப்ஷன் மதிப்பெண். காரணம் யார்? இயற்பியல்.

25 லிட்டர் கீசர், 2 கிலோவாட். சென்னைத் தண்ணீர் 28 டிகிரி, 60-க்கு ஏற்ற 28 நிமிஷம். ஊட்டி ஜனவரித் தண்ணீர் 12 டிகிரி, 60-க்கு ஏற்ற 42 நிமிஷம். வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு விழுந்தால் அதே கீசர் 55 நிமிஷம் எடுக்கும். வெப்பம் வீணாவதைச் சேர்க்காத கணக்கு இது.

அதோடு விடாது. 60 டிகிரியை 40-க்குக் கலக்கினால் சென்னையில் 67 லிட்டர் குளியல் தண்ணீர், இங்கே 43 லிட்டர். பெரிய மழை ஷவர் நிமிஷத்துக்கு 10 லிட்டர் குடித்தால் நாலே கால் நிமிஷத்தில் தீர்ந்தது. முதல் ஆள் சோப்பு போட்டிருப்பார். கணவர் குளித்து முடித்து மனைவி உள்ளே போனால் போன் அடிக்கும்.

ஆகவே: 2 பேர் ரூமுக்கு 50 லிட்டர் தொட்டி, ஷவர் தலையை 7 லிட்டருக்குக் குறைக்கிறது, செக்-இன் லிஸ்ட் வந்ததும் ஒரு மணி நேரம் முன்னால் கீசர் போடுறது. மூன்றாவது வேலைக்குச் செலவு இல்லை, ஆனால் அந்த லிஸ்ட் எனக்கு வரணும். ஃப்ரண்ட் ஆபீஸ் பிரிண்ட் எடுத்து அவர்களே வைத்துக்கொண்டால் நான் ஜோசியமா பார்ப்பேன்?

ஒரு உபரி: இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். "டீ சூடா இல்லை", "முட்டை வேகலை" இரண்டுக்கும் பாதிக் காரணம் அதுதான். பரிமாறுகிற ஸ்டூவர்டைத் திட்டாதீங்க, கப்பைச் சூடாக்கி வையுங்க, முட்டைக்கு ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டுங்க.

கேத்தி | 30 ஆகஸ்ட், இரவு 8:00

தம்பி, மெக்கோபியின் "கூட்டு சேர்வது" என்பதற்கு பாய்லர் சாரின் கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியை மேற்கோள் போடுங்க.

தகவல் கீழிருந்து மேலே போகிற வழியும் இருக்கணும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறில் வண்டி நிற்கிறது என்று முதலில் தெரிவது டிரைவருக்கு. 204-ஆம் ரூமில் இருப்பவர் நாளை போகாமல் இன்னொரு நாள் தங்குவார் என்று முதலில் தெரிவது அட்டெண்டருக்கு, பெட்டியைப் பார்த்தாலே தெரியும். காலை பிரீஃபிங் 15 நிமிஷத்தில் 10 நிமிஷம் மேலிருந்து கீழே பேசுகிறார்கள். திருப்புங்க. 5 நிமிஷம் கேளுங்க, டைம் ஆபீசில் ஒரு நோட்டு: என்ன பார்த்தது, யார் சொன்னது, யாருக்குப் போனது, என்ன ஆச்சு. நாலாவது கட்டம் காலியாக ஒரு வாரம் போனால் எட்டாவது நாள் யாரும் எழுத மாட்டார்கள்.

நீலக்குறிஞ்சி | 31 ஆகஸ்ட், பகல் 12:20

செயல்திறனுக்குப் பதிவேட்டில் எதை எடுப்பது? ஹெச்ஆர் கொடுப்பார்களா?

லினன் ரூம் | 31 ஆகஸ்ட், மதியம் 2:15

பேர் இல்லாமல் கேட்டால் கொடுப்பாங்க. ஹவுஸ்கீப்பிங்கில் முதல் பார்வையில் பாஸான ரூம்: சூப்பர்வைசர் செக் பண்ணின 100-ல் திருப்பிச் செய்யச் சொல்லாதது எத்தனை. விருந்தாளி காலி பண்ணின நேரத்துக்கும் ரூம் ரெடி ஆன நேரத்துக்கும் இடைவெளி. எஃப் அண்ட் பி-யில் (சாப்பாட்டுப் பிரிவு) ஆர்டர் எடுத்ததிலிருந்து முதல் தட்டு வரை. ஃப்ரண்ட் ஆபீசில் ஒரே ரூமில் இரண்டாம் தடவை வந்த புகார். முதல் புகாரை எண்ணாதீங்க, அது கீசர். எல்லாருக்கும் பொதுவாக, சேர்ந்த 90 நாளுக்குள் நின்னவங்க எத்தனை பேர். வருஷ சதவீதத்தை விட இது உண்மை பேசும்.

வட்டக்கானல் | 31 ஆகஸ்ட், மாலை 4:00

கேள்விப் பட்டியல் பற்றியும் சொல்லிடறேன். ஸ்பெக்டரின் 1985 பட்டியலில் ஒன்பது தலைப்பு, தலைப்புக்கு 4 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6. மொத்தம் 36 முதல் 216. அதில் பாதிக் கேள்வி எதிர்மறையாக எழுதப்பட்டது, கூட்டும்போது 7-லிருந்து கழிக்கணும். மறந்தால் எல்லோரும் நடுவில் வந்து நிற்பார்கள், நீங்கள் "மிதமான திருப்தி" என்று முடிவு எழுதுவீர்கள்.

எதிர்மறையைத் தமிழாக்கினால் "என் சம்பள உயர்வு போதாமல் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை" மாதிரி ஏதாவது விழும். ஷிப்ட் முடிந்து வருகிறவர் அதைப் படித்து 3 போடுவார். இன்னொருவரிடம் கொடுத்து திருப்பி ஆங்கிலமாக்கிப் பாருங்க. அசாம், டார்ஜிலிங் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இந்தியிலும் நேபாளியிலும் வேண்டும்.

இன்னொரு சிக்கல், நம்ம ஊர்ப் பேச்சு. "வேலை எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்லை." அது 3-ஆ, 5-ஆ? முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். கூகுள் ஃபார்மில் முகம் இல்லை. தாளில் கொடுங்க, மடித்துப் போட ஒரு பூட்டுப் பெட்டி வையுங்க, சூப்பர்வைசர் அந்த அறையில் இருக்கக் கூடாது. மே மாச மலர்க்காட்சி முடிந்த வாரம் கேட்காதீங்க, எல்லோரும் செத்துக் கிடப்பார்கள். போனஸ் வந்த வாரமும் வேண்டாம்.

கேத்தி | 4 செப்டம்பர், காலை 8:30

நேற்று ராத்திரி ஜிஎஸ்டி செய்தி பார்த்தீர்களா? 7,500 ரூபாய் வரை ரூமுக்கு 22-ஆம் தேதி முதல் 5%, உள்ளீட்டு வரவு (ஹோட்டல் வாங்கினதுக்குக் கட்டின வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. 7,500-க்கு மேலே 18% அப்படியே.

வட்டக்கானல் | 4 செப்டம்பர், காலை 9:05

பார்த்தேன். 7,500 என்றால் விருந்தினர் கொடுப்பது 7,875. 7,501 என்றால் 8,851. ஒரு ரூபாய்க்கு 976. அதனால் 7,500-க்குக் கொஞ்சம் மேலே யாரும் ரேட் வைக்கப் போவதில்லை. சொகுசு ஹோட்டலின் சின்ன ரூம்கள் ஆஃப் சீசனில் 7,500-க்கு இறங்கும், நிரம்பும். மேலே 54 ரூம் கணக்கு ஞாபகம் இருக்கா? செப்டம்பர் 22-க்கு அப்புறம் அதுதான் நடக்கும். ஆள் கூட்ட இப்போதே சொல்லி வையுங்க.

லினன் ரூம் | 4 செப்டம்பர், இரவு 10:10

ஆள் கூட்டச் சொன்னால் "சர்வீஸ் சார்ஜே போச்சு" என்பாங்க.

கேத்தி | 5 செப்டம்பர், காலை 6:20

அதையும் பேசணும். 2022 ஜூலை 4 நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்: சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச் 28 டெல்லி உயர்நீதிமன்றம் அதைச் சரி என்றது. நுகர்வோருக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, சர்வீஸ் சார்ஜைப் பாயின்ட் போட்டு ஊழியருக்குப் பிரித்து நிரப்பின இடங்களில் ஊழியர் கையில் வருவது குறைந்தது. ஒரு உதாரணம்: மாதக் குவியல் 1,80,000, மொத்தப் பாயின்ட் 150, ஒரு பாயின்ட் 1,200. இரண்டு பாயின்ட் ஸ்டூவர்டுக்கு 2,400. குவியல் காலியானால் அவருக்கு 2,400 போச்சு. லாண்டரியில் இருப்பவருக்கு டிப்ஸும் கிடையாது, அவருக்கு அடி அதிகம்.

உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்ன பிரிவு இங்கே உதவும். சம்பளம், தங்குமிடம், மேலதிகாரி, வேலைச் சூழல் சரியில்லை என்றால் அதிருப்தி. அவை சரியானால் அதிருப்தி நிற்கும், திருப்தி வராது. திருப்திக்கு பொறுப்பு, பாராட்டு, முன்னேற்றம் வேண்டும். நம்ம ஊரில் பல ஹோட்டல் "மாதச் சிறந்த ஊழியர்" போட்டோ மாட்டுகிறது. பாராட்டுப் பக்கம் சரி. போட்டோவில் இருப்பவர் படுக்கிற அறையில் கூரை ஒழுகுகிறது.

பாய்லர் | 5 செப்டம்பர், இரவு 7:45

ஒழுகுகிற அறையில் குளிருக்கு கரி அடுப்பைக் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரோஸ்டரை விட அவசரம் இது: மூடின அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது, ஊழியர் அறையிலும் சரி, டென்ட்டிலும் சரி. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும். கணப்பு அடுப்பு உள்ள ரூமில் சீசனுக்கு முன் புகைபோக்கியை சுத்தம் பண்ணி, காகிதம் கொளுத்திப் புகை மேலே இழுக்கிறதா என்று பார்க்கணும். டேம்பர் (புகைபோக்கியின் மூடித் தகடு) திறந்திருக்கா என்பது அட்டெண்டர் செக்லிஸ்டில் முதல் வரி.

கேத்தி | 8 செப்டம்பர், இரவு 9:00

பொறுப்பு என்றேனே, அதற்கு ஒரு உருவம் கொடுக்கணும். ரிட்ஸ் கார்ல்டனில் ஒரு விருந்தினர் பிரச்சினையைத் தீர்க்க ஊழியர் 2,000 டாலர் வரை மேலே கேட்காமல் செலவழிக்கலாம் என்ற விதி பிரபலம். அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "மேலே கேட்காமல்" என்பதைப் பாருங்க.

நமக்கு ஒரு தாள் போதும். வெந்நீர் இல்லை: 10 நிமிஷத்தில் இரண்டு வாளி வெந்நீர், ரிசப்ஷன் முடிவு. அரை மணி நேரத்தில் சரியாகவில்லை: வேறு ரூம், ரிசப்ஷன் முடிவு. அதே விருந்தினருக்கு இரண்டாம் தடவை: 1,000 ரூபாய் வரை சாப்பாடு அல்லது ஸ்பா, ரிசப்ஷன் முடிவு. 5,000 வரை டியூட்டி மேனேஜர். ரூம் வாடகையைத் தொட்டால் மட்டும் ஜிஎம். கொடுத்தவுடன் ஒரு வரி எழுதணும். மறுநாள் பிரீஃபிங்கில் "ஏன் கொடுத்தாய்" என்று கேட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம், அதற்கப்புறம் எவரும் கொடுக்க மாட்டார். "இந்த ரூமில் ஏன் மூன்று தடவை கொடுத்தோம்" என்று பாய்லர் சாரிடம் கேட்டால் சரி.

பாய்லர் | 8 செப்டம்பர், இரவு 9:04

லிஸ்ட் அனுப்புங்க முதல்ல.

நீலக்குறிஞ்சி | 26 செப்டம்பர், இரவு 7:30

தலைப்பை மாற்றிவிட்டேன், கைடும் சரி என்றார். 6 ஹோட்டலில் 18 துறைகள். ஒவ்வொரு துறையிலும் 8 வார ரோஸ்டர் மாற்றம், முதல் வகை மட்டும், கூடவே ஓவர்டைம். திருப்தி தாளில், மூன்று மொழியில். செயல்திறன் பதிவேட்டில். மேலாளர் பற்றிய மதிப்பெண் கேள்விகளில் 5 மட்டும் வைத்திருக்கிறேன், முழுக்க எடுக்க மனசு வரவில்லை. ஆயுத பூஜை வாரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கலாமா?

வட்டக்கானல் | 26 செப்டம்பர், இரவு 8:15

18-உம் கம்மிதான். ஆனால் 6-ஐ விட மும்மடங்கு. ஓடட்டும்.

கேத்தி | 26 செப்டம்பர், இரவு 9:20

ஆரம்பிங்க, ஆனால் அந்த வாரத்தைத் தனியாகக் குறித்து வையுங்க. புதன் ஆயுத பூஜை, வியாழன் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும், வெள்ளி லீவு போட்டால் ஞாயிறு வரை ஐந்து நாள். அக்டோபர் 2 தேசிய விடுமுறை, தமிழ்நாட்டுச் சட்டப்படி அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும். மாற்று நாளைத் தேதியோடு இப்போதே ரோஸ்டரில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்க. "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதின இடத்தை ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்க.

லினன் ரூம் | 26 செப்டம்பர், இரவு 9:55

2-ஆம் தேதி டிரை டே, பார் மூடல். பார் பசங்க நாலு பேர் சும்மா நிப்பாங்க. மாற்று நாள் எல்லாம் வேண்டாம், அன்னிக்கே அவங்களுக்கு லீவு விடுங்க. இல்லைன்னா இரண்டு பேரை எனக்குத் தாங்க, டர்ன்-டவுனுக்கு ஆள் பத்தலை.

பாய்லர் | 26 செப்டம்பர், இரவு 10:02

ஒருத்தரை எனக்கு. மேல் பக்கத்துக் காட்டேஜ் கீசர் எல்லாம் மதியம் 1 மணிக்குப் போடணும்.